மெதுவாகத் துடித்தால் உயிர்

உயிரோடிருக்கும் மீன் மெதுவாகத் துடிக்கும். இறந்த மீன் விரைந்து துடிக்கும். இந்த ஒரு விதியை மனத்தில் கொள்ளாதவர்க்கு நான் எழுதப்போவது விளங்காது என்பதால் முதலிலேயே கூறிவிடுகிறேன். துடிப்பது மீனன்று. மீனின் வயிற்றைச் சிறிது கீறி, உள்ளே வைத்துத் தைக்கப்பட்ட, சுண்டுவிரலில் பாதியளவே உள்ள ஒரு வானொலிக் கருவி. அது ஓயாமல் சீரான இடைவெளியில் 'டிக், டிக்' என்று ஓர் ஒலியை அனுப்பிக்கொண்டிருக்கும். கரையில் நிற்பவர் ஏரியலை நீட்டி, தோளில் மாட்டிய பெட்டியைத் திருகி, காதுக்கருவியின் வழியே அதைக் கேட்கலாம். கருவியைச் சுமந்த மீன் நான்கு மணி நேரம் சிறிதும் அசையாமல் கிடந்துவிட்டால், அந்த ஒலி தானாகவே இருமடங்கு வேகம் கொண்டுவிடும். மரணத்தை அறிவிப்பதற்கென்றே அதைச் செய்தவர்கள் அவ்வாறு அமைத்திருந்தார்கள்.

கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் இடையே, பேருந்துச் சாலையை ஒட்டி எனக்கு ஒரு கடை இருந்தது. வானொலிப் பெட்டிகளையும், திராட்சைத் தோட்டத்து மோட்டார்களின் ஸ்டார்ட்டர்களையும் பழுது பார்ப்பது என் தொழில். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் எனக்கு முடிந்துவிட்டது. மின்சாரத்தைக் கைசுட்டும், தமிழை நூலகத்துப் புத்தகங்களிலிருந்தும் கற்றேன். நூற்றாண்டு மாறிச் சில ஆண்டுகள் கழிந்து, மழை அடுத்தடுத்துப் பொய்த்திருந்த காலத்தில், ஒரு மாசி மாதத்துக் காலையில், முப்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் ஜீப்பிலிருந்து இறங்கி என் கடைக்கு வந்தார். ஆற்று மீன்கள் கோடையில் எங்கே செல்கின்றன என்பதைக் கண்டறிந்து பட்டம் பெற வந்திருக்கும் ஆய்வாளர் அவர். அவருடைய ஏரியலின் கம்பி, பெட்டியில் சொருகும் இடத்தில் அறுந்துபோயிருந்தது. அரை மணி நேரத்தில் பற்றவைத்துக் கொடுத்தேன்.

"சார், நீங்க என்கூட ஆத்துக்கு வர முடியுமா? இது மறுபடி அறுந்தா எனக்கு யாரையும் தெரியாது" என்றார்.

என்னை அதுவரை ஒருவரும் சார் என்று அழைத்ததில்லை. நான் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை இப்போது மறைக்க வேண்டியதில்லை.

அவர் தேடிவந்த மீன், பெருஞ்செதில்களும் பொன்னிற விலாவும் கொண்டது. எங்கள் பக்கத்தில் அதைக் கெண்டை என்று பொதுவாகச் சொல்லுவோம். மலைக்கு அப்பாலிருந்து வருகிறவர்கள் குயில் என்பார்கள். எங்கள் ஊருக்குக் கிழக்கே, ஆறு ஒரு பாறையில் மோதித் திரும்பும் இடத்தில் ஆழமான மடு ஒன்று உண்டு; கசம் என்போம். அதன் கரையில் ஏழு கல்லை நட்டு ஏழு கன்னிமார் என்று வணங்குகிறோம். அந்தக் கசத்தில் எவரும் தூண்டில் போடுவதில்லை. பிள்ளை வேண்டுகிற பெண்கள் பொரியும் பொட்டுக்கடலையும் தூவுவார்கள். அங்கிருந்த அளவு பெரிய கெண்டைகள் ஆற்றில் வேறெங்கும் மிஞ்சவில்லை. ஆகவே ஆய்வாளருக்கு அந்தக் கசத்து மீன்களே தேவைப்பட்டன.

பூசாரியிடம் நான்தான் பேசினேன். அவர் என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர், சுருங்கப் பேசுபவர். கன்னிமாரிடம் பூக் கேட்டார். பூ வலப்பக்கம் விழுந்தது, சம்மதம் என்று பொருள்.

"எத்தன மீனுக்கு வைக்கப் போறாக?"

"ஏழு கருவி இருக்கு."

"ஏழா?" என்று என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப ஆளுக்கு ஒண்ணு. மூத்தவளுக்கு ஒண்ணு, எளையவளுக்கு ஒண்ணு. வையுங்க."

ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி அலைவரிசை எண் இருந்தது, ஆறு இலக்கம். அந்த எண்கள் என் நினைவில் தங்கவில்லை. ஆகவே பூசாரி சொன்னபடியே, ஆய்வாளர் தந்த நோட்டுப் புத்தகத்தில் எண்களுக்கு எதிரே மூத்தவள், இரண்டாமவள் என்று தொடங்கி இளையவள் வரை எழுதினேன். வசதிக்காகச் செய்த காரியம் அது. தெய்வத்தின் பெயரைச் சாகக்கூடிய ஒன்றுக்குச் சூட்டுகிறோம் என்ற எண்ணம் அப்போது எனக்கோ பூசாரிக்கோ தோன்றவில்லை.

மீன்களுக்குக் கருவி வைத்த நாளில் ஊரே கரையில் கூடியிருந்தது. தொட்டியில் நீரூற்றி, கிராம்பு எண்ணெய் கலந்து, மீனை அதில் விட்டதும் அது மயங்கிச் சாய்ந்தது. ஆய்வாளர் அதன் வயிற்றில் ஓர் அங்குலம் கீறி, கருவியை உள்ளே செலுத்தி, மூன்று தையல் போட்டார். நூல் போன்ற கம்பி ஒன்று மட்டும் வெளியே தொங்கியது.

"என்னண்ணே, கன்னிமாருக்குக் கேபிள் கனெக்சன் குடுக்கிறிகளா?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

"உன் வாயில ரெண்டு தையல் போடச் சொல்லவாலே?" என்றார் பூசாரியின் மனைவி. சிரிப்பு அடங்குவதற்குச் சற்று நேரமாயிற்று.

அந்த அம்மாளின் பக்கத்தில் அவருடைய மகள் நின்றிருந்தாள். ஆண்டிபட்டிப் பக்கம் மணமாகிப் போன பெண். எட்டு ஆண்டுகளில் இரண்டு கரு ஆறாம் மாதத்தில் கலைந்துபோய், இப்போது மூன்றாவதாக ஐந்து மாதம். இந்த முறை முன்கூட்டியே தாய்வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். தைக்கப்படும் வயிற்றிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.

"கீறித் தச்சா பொழைக்குமாண்ணே?" என்று என்னிடம் கேட்டாள்.

"பொழைச்சுக்கும்மா. பத்து நாள்ல தழும்புகூடத் தெரியாது" என்று ஆய்வாளரே விடை சொன்னார். கையில் இருந்தது கடைசி மீன், ஏழிலும் சிறியது. "இது பொண்ணு. மழை வந்ததும் மேல ஏறி முட்டை போடும்."

"அப்ப இதுதான் எளையவ" என்றார் தாய். மகளின் கையை இழுத்து, ஈரமான அந்த மீனின் விலாவில் ஒருமுறை வைத்து எடுத்தார்.

மறுநாள் காலை அவள் கரைக்கு வந்து தானும் கேட்க வேண்டும் என்றாள். காதுக்கருவியை மாட்டி, ஏரியலைக் கசத்தை நோக்கி நீட்டினேன். நெடுநேரம் கண்ணை மூடியிருந்தாள்.

"யாரோ அவசரமில்லாம நடக்கிற மாதிரி இருக்குண்ணே" என்றாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் காலை பத்து மணி அளவில் தாயும் மகளும் வருவார்கள். முதலில் மகள் கேட்பாள். பிறகு தாய் கேட்பார். மகள் விரைவில் ஏரியலைப் பிடிக்கவும் கற்றுக்கொண்டாள். மீன் இருக்கும் திசைக்கு நேரே நீட்டினால் ஒலி உரத்துக் கேட்கும். பக்கவாட்டில் திருப்பினால் தேய்ந்துபோகும். பாறையின் அடியில் இளையவள் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்பதை அவளே காட்டுவாள்.

பங்குனியில் அணையிலிருந்து வந்த நீர் குறைந்தது. சித்திரை பிறக்குமுன் ஆறு தொடர்ச்சியை இழந்து, மணலுக்கு நடுவே துண்டு துண்டான குட்டைகளாய்க் கிடந்தது. நீர் முற்றும் வற்றுமுன்பே கருவி வைத்த மீன்களில் ஐந்து கசத்தை விட்டுக் கீழே போய்விட்டன. கன்னிமாரின் மீன்கள் கசத்தை விட்டு அகலுவதில்லை என்று ஊர் நம்பியிருந்தது. அவை எங்கெங்கோ போவதை நானும் ஆய்வாளரும் வெயிலில் நடந்து நடந்து கண்டோம்.

மூத்தவள்தான் முதலில் விரைந்து துடித்தது. உத்தமபாளையத்துக்குச் சற்று மேலே, கரையோரத்து மருத மரத்தின் வேரிடுக்கில், நீர் வடிந்த சேற்றில் கருவி மட்டும் கிடந்தது.

இரண்டாமவளின் ஒலி ஆற்றிலிருந்து வரவே இல்லை. ஏரியல் காட்டிய திசையில் நடந்து, ஒரு தெருவுக்குள் புகுந்து, ஒரு வீட்டின் கொல்லைப்புறத்துக் குப்பைமேட்டின் முன் போய் நின்றோம். வீட்டுக்காரர் பல்குச்சியோடு வெளியே வந்தார்.

"மீனா? எங்க வீட்ல யாரும் மீனே திங்கிறதில்லையே. நாங்க வெள்ளிக்கெழம விரதமாச்சே" என்றார்.

"இன்னைக்கு வெள்ளிக்கெழம இல்லையே" என்றேன்.

"எல்லா வெள்ளிக்கெழமையும் சேத்துத்தான் சொல்றேன்."

காதுக்கருவியைப் பிடுங்கிவிட்டு ஒலிபெருக்கியைத் திறந்தேன். அவருடைய குப்பைமேடு வெகுவேகமாகத் துடித்தது. உள்ளேயிருந்து அவர் மனைவி, "அன்னைக்கே சொன்னேன், வயித்துல ஏதோ கம்பி இருக்கு, வேணாம்னு. கேட்டாகளா?" என்று கூவினார். ஆய்வாளர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தக் கோடையில் அவர் சிரித்தது அதுவே கடைசி.

மூன்றாமவளும் நான்காமவளும் ஒரே நாளில் போயின. திராட்சைக்கு மருந்தடித்த டிரம்களை யாரோ குட்டையில் கழுவியிருந்தார்கள். சிறு மீன்கள் எல்லாம் வெண்வயிறு காட்டி மிதந்தன. ஐந்தாமவளின் ஒலி ஒருநாள் இருந்தது, மறுநாள் எந்தத் திசையிலும் இல்லை. கசத்திலேயே தங்கியிருந்த ஆறாமவளின் ஒலி வானத்திலிருந்து வந்தது. ஏரியலை உயர்த்திப் பார்த்தபோது, பட்ட மரத்தின் உச்சியில், மீன் பிடித்துத் தின்னும் பருந்தான விராலடிப்பான் ஒன்று உட்கார்ந்திருந்தது. கசத்தில் நீர் அவ்வளவுக்கு வற்றிப் பாறைகள் வெளியே தெரியத் தொடங்கியிருந்தன.

ஒவ்வொரு முறையும் பூசாரியின் மனைவிக்குச் செய்தியைச் சொல்லும் பொறுப்பு எனக்கே வாய்த்தது. முதலில் உச்சுக்கொட்டினார். நான்காவதற்குப் பிறகு, "இன்னும் மூணு இருக்குல்ல?" என்றார். ஆறாவதற்குப் பிறகு, "எளையவ போக மாட்டா. அவ போகாத வரைக்கும் எம் மகளுக்கும் ஒண்ணும் வராது" என்றார். அதை அவர் ஊருக்கும் சொல்லத் தொடங்கினார். ஆறாம் மாதம் தீங்கின்றிக் கடந்திருந்தது. அந்த வீட்டில் அதை இளையவளின் கணக்கிலேயே எழுதிவிட்டார்கள்.

கிராமச் செவிலியர் இரண்டு முறை வந்து, தேனிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுக்கும்படி சொல்லியிருந்தார். பூசாரி மறுத்துவிட்டார்.

"ரெண்டு தடவையும் பஸ்ஸில குலுங்கப் போயித்தான் போச்சு. இந்தத் தடவ அவ இந்த ஊர் எல்லையத் தாண்ட வேணாம்" என்றார்.

"போயிப் பாத்துட்டு வந்தா என்ன?" என்று நானும் ஒருமுறை கேட்டேன்.

"அதான் நீங்க தெனமும் பாத்துச் சொல்லுறிகளே" என்றார் அவர். நகைச்சுவையாகச் சொல்லவில்லை.

அந்த விடை என்னை அன்று முழுவதும் அலைக்கழித்தது. மீனுக்காக வந்த ஒரு கருவி ஒரு பெண்ணின் வயிற்றுக்குச் சாட்சி சொல்லும் இடத்துக்குப் போயிருந்தது. அதை அங்கே கொண்டுபோனவன் நான்.

வைகாசி தொடக்கத்தில் ஆய்வாளருக்கு மஞ்சள்காமாலை கண்டது. அவருடைய தந்தையார் வந்து ஊருக்கு அழைத்துச் சென்றார். பெட்டியையும் நோட்டுப் புத்தகத்தையும் என்னிடம் தந்து, "இருக்கிறதை இருக்கிற மாதிரி எழுதிட்டு வாங்க சார். அது போதும்" என்றார். கூடவே, பெட்டி சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க வைத்திருந்த எட்டாவது கருவியையும் தந்தார். அதன்மேல் ஒரு காந்தத் துண்டு ஒட்டியிருக்கும். காந்தத்தை எடுத்தால் கருவி துடிக்கத் தொடங்கும், ஒட்டினால் அடங்கும்.

அவர் போன நான்காம் நாள் காலை ஏழு மணிக்குக் கசத்தின் கரையில் நின்று, இளையவளின் எண்ணை வைத்தேன். விரைந்து துடித்தது. பெட்டியைத் தட்டிப் பார்த்தேன். பேட்டரியை மாற்றினேன். கரையின் மறுபக்கம் போய் நின்றேன். எல்லா இடத்திலும் அதே வேகம். பாறையின் அடியில், நான் எட்ட முடியாத ஓர் இடுக்கிலிருந்து அது வந்துகொண்டிருந்தது. நோட்டில் தேதியிட்டு, 'இளையவள்: வேகத் துடிப்பு' என்று எழுதினேன்.

பத்து மணிக்கு அவர்கள் வருவார்கள். நான் கடைக்குத் திரும்பி, எட்டாவது கருவியை எடுத்து, காந்தத்தை நீக்கி, அரைஞாண் கயிற்றில் முடிந்து வேட்டியை மேலே இறுக்கிக் கட்டினேன். பெட்டியில் அதன் எண்ணை வைத்து, எண் தெரியும் இடத்தில் ஒரு துணியைச் சுற்றினேன். இவ்வளவும் செய்வதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கைதேர்ந்த தொழிலாளியின் ஐந்து நிமிடம் அது.

"எப்பிடி இருக்கா?" என்று தாய் கேட்டார்.

"இருக்கா" என்றேன்.

மகள் காதுக்கருவியை மாட்டிக்கொண்டாள். ஏரியலை நானே பிடித்து, வழக்கம்போல் அங்குமிங்கும் திருப்பினேன். என் இடுப்பிலிருந்து, அவசரமில்லாமல் யாரோ நடப்பதைப் போல் அது துடித்தது. அவள் கண்ணை மூடவில்லை. என்னைப் பார்த்தாள், கசத்தைப் பார்த்தாள். பிறகு அதைக் கழற்றித் தாயிடம் கொடுத்தாள். தாய் கேட்டுவிட்டு மகளின் நெற்றியில் திருநீறு பூசினார்.

மேலும் பத்து நாள்கள் இவ்வாறே சென்றன. ஒவ்வொரு நாள் காலையும் ஏழு மணிக்கு உண்மையை நோட்டில் எழுதினேன். பத்து மணிக்குப் பொய்யை அவர்கள் காதில் வைத்தேன். குழந்தை பிறக்கும்வரை இன்னும் ஒரு மாதந்தான் என்று எனக்கு நானே சமாதானம் கூறிக்கொண்டேன். ஒரு தாயின் மனம் கலங்காமல் இருப்பது மருந்துக்கு இணையானது என்று எங்கோ படித்ததையும் துணைக்கு அழைத்துக்கொண்டேன். ஆயினும் இரவில் கழற்றி ஆணியில் மாட்டிய கருவியை விடியற்காலையில் பெட்டியில் சோதித்தால், அசையாமல் தொங்கிய அந்த நேரத்துக்குள் அது மரண வேகத்துக்கு மாறியிருக்கும். கையில் எடுத்துக் குலுக்கிய பின்பே மெதுவாகும். அடுப்படியிலிருந்து என் மனைவி ஒருநாள், "என்னத்துக்கு அது இப்பிடிப் பதறுது?" என்று கேட்டாள். நான் அதைக் குலுக்கி இடுப்பில் முடிந்துகொண்டேன்.

பதினோராம் நாள் கடந்து மறுநாள் காலை, அவர்கள் பத்து மணிக்குப் பதிலாக எட்டு மணிக்கே வந்துவிட்டார்கள். தாயின் நடையிலேயே வேறுபாடு தெரிந்தது. அவர் மகளின் முழங்கையைப் பற்றி, ஏறக்குறைய இழுத்துக்கொண்டு வந்தார். நான் அப்போதுதான் நோட்டை எழுதி முடித்திருந்தேன். எட்டாவது கருவி என் இடுப்பில் இருந்தது. பெட்டி இன்னும் இளையவளின் எண்ணிலேயே இருந்தது.

"நேத்து மத்தியானத்துல இருந்து பிள்ள அசையலைங்கிறா" என்றார் தாய். "நர்சம்மாகிட்டச் சொல்லணும்ங்கிறா. இவுக அப்பாரு, மொதல்ல எளையவளப் பாத்துட்டு வா, அவ ஓடுனா இவளுக்கும் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாக. போட்டுக் காட்டுங்க. ஓடுதுல்ல?"

என் கை பெட்டியின் திருகுமேல் இருந்தது. அதை எட்டாவது எண்ணுக்குத் திருப்பினால், தாய் கேட்டுவிட்டு, திருநீறு பூசி, மகளை வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் படுக்க வைப்பார். அது எனக்கு ஐயமின்றித் தெரிந்தது. திருப்பாவிட்டால், எப்போதிருந்து என்று கேட்பார்கள், பதினோரு நாளும் நான் செய்தது வெளிப்படும். கன்னிமாரின் கசத்தில் பொய் சொன்னவன் இந்த ஊரில் எப்படி நடமாடுவது? வெட்கத்தோடு இதை எழுதுகிறேன்: அந்த இரண்டுக்கும் நடுவில் என் கை சிறிது நேரம் நின்றது.

மகள் என் பக்கத்தில் வந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. காதுக்கருவியை அவளிடம் நீட்டினேன்.

"எனக்கு வேணாம்ணே. அம்மா காதுல மாட்டுங்க" என்றாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, "இன்னைக்காவது சரியான நம்பர்ல வையுங்க" என்றாள்.

நான் திருகைத் தொடவில்லை. தாயின் காதில் மாட்டி, ஏரியலைப் பாறையை நோக்கி நீட்டினேன்.

அவர் காதுக்கருவியை இரு கையாலும் அழுத்திப் பிடித்தார். "ஆத்தா!" என்று ஒரு குரல். "இது என்ன இப்பிடி ஓடுது? ஓடுதே! போயிட்டாளா? எளையவ போயிட்டாளா?" காதுக்கருவியைப் பிய்த்து எறிந்துவிட்டு, ஊரை நோக்கிக் கத்தினார். பூசாரி மேலே துண்டுகூட இல்லாமல் ஓடி வந்தார். என்னைப் பார்த்து ஒரே ஒரு சொல்தான் கேட்டார்.

"நெசமா?"

"நெசம்."

எப்போது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கம்பம்மெட்டுக்கு ஏலக்காய்த் தோட்டத்து ஆட்களை ஏற்றிச் சென்ற ஜீப் ஒன்று அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது. பூசாரியே சாலைக்கு நடுவில் போய் நின்று அதை நிறுத்தினார். பஸ்ஸில் குலுங்கக்கூடாது என்றவர், குலுக்குவதில் அதைவிடக் கொடிய ஒரு வண்டியில் மகளைத் தானே தூக்கி வைத்தார். முன்னால் அவரும், அரற்றி ஓயாத மனைவியும். பின்னால், மகளின் தலையைத் தாங்கியபடி நான்.

சின்னமனூரைத் தாண்டும்போது அவள் கண் திறந்தாள். பிறகு இஞ்சின் இரைச்சலுக்குள், "அன்னைக்கு நீங்க ஏரியலை எந்தப் பக்கம் திருப்புனாலும் சத்தம் கொறையவே இல்லண்ணே. மீனு ஒரு பக்கந்தான இருக்கும்?" என்றாள்.

"மொத நாளே தெரியுமா தாயி?"

"மொத நாளே."

"ஏன் கேக்கல?"

"எங்கம்மா மொகத்தப் பாத்தேன். நல்லாத் தூங்குனாக அந்தப் பதினோரு நாளும்" என்றாள். "நானும் தூங்குனேன்."

தேனியில் அவளை உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்து, வயிற்றில் ஒரு சிறு கருவியை வைத்தார்கள். கதவுக்கு வெளியே நாங்கள் நின்றோம். ஒலி எங்களுக்கும் கேட்டது. முதலில் வெறும் இரைச்சல். பிறகு ஒரு துடிப்பு. ஒன்று, இடைவெளி, மீண்டும் ஒன்று. மெதுவாக, அவசரமின்றி.

பூசாரியின் மனைவி என் கையைப் பற்றினார். கண்ணீர் வழிய, "மெதுவாத்தான் அடிக்குது. கேட்டிகளா? மெதுவாத்தான் அடிக்குது" என்றார். உள்ளே, படுத்திருந்தவளின் முகத்திலும் சிரிப்பு மலர்வதைக் கதவிடுக்கில் கண்டேன். மூன்று மாதமாக நாங்கள் எல்லாரும் பயின்ற பாடம் அதுதானே! என் நெஞ்சும் ஒரு கணம் அமைதியடைந்தது. ஆனால் உள்ளே செவிலியர் ஒருவர் ஓடினார். மற்றொருவர் தள்ளுவண்டியை இழுத்து வந்தார். மருத்துவ அம்மையார் எங்களைக் கடந்து விரையும்போது, பூசாரி குறுக்கே நின்று, "மெதுவாத்தானம்மா அடிக்குது, அப்புறம் எதுக்கு ஓடுறீக?" என்று கேட்டார்.

"வயித்துல இருக்கிற பிள்ளைக்கு வேகமா அடிக்கணும் ஐயா. இது நின்னுக்கிட்டிருக்கு. வழி விடுங்க" என்றார் அவர்.

அறுவைக்கூடத்தின் கதவு மூடியபின் ஒரு மணி நேரம் நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பெண் குழந்தை. அழவில்லை, நீலம் பாரித்திருந்ததாம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூன்று வாரம் காப்பாற்றினார்கள். மாலைவரை தாமதித்திருந்தால் ஒன்றும் இருந்திராது என்று மருத்துவ அம்மையார் பூசாரியிடம் சொன்னார். நான் சற்றுத் தள்ளி நின்று அதைக் கேட்டேன். பதினோரு நாளும் நான் சொன்ன பொய்யை நம்பி, பன்னிரண்டாம் நாளும் அவர்கள் அதையே கேட்டுப் போயிருப்பார்கள் என்பது எனக்கும், கண்ணாடிக்கு அப்பால் படுத்திருந்த அந்தப் பெண்ணுக்கும் மட்டுமே தெரியும்.

ஆனி மாதம் ஆற்றில் நீர் வருமுன் ஆய்வாளர் நலமடைந்து திரும்பினார். கடப்பாறையால் பாறையைப் பெயர்த்து இளையவளின் கருவியை எடுத்தோம். அதைச் சுற்றிச் சில செதில்கள் ஒட்டியிருந்தன. நோட்டைப் புரட்டி, 'வேகத் துடிப்பு' என்று நான் எழுதியிருந்த வரிகளைப் பார்த்தார். நடந்ததை அவரிடம் சொன்னேன். கருவியை உள்ளங்கையில் உருட்டியபடி, "நோட்டுல சரியாத்தான் எழுதியிருக்கீங்க" என்று மட்டும் சொன்னார். பெட்டியையும் ஏரியலையும் எடுத்துக்கொண்டு அந்த வாரமே போய்விட்டார்.

ஊரில் வேறொன்று வளர்ந்துகொண்டிருந்தது. இளையவள் தன் உயிரைக் கொடுத்துப் பிள்ளையை மீட்டாள் என்று பூசாரியின் மனைவி கசத்தின் கரையில் பொங்கலிட்டார். கோம்பையிலிருந்தும் தேவதானப்பட்டியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பூசாரி ஒருநாள் என்னைத் தனியே அழைத்தார்.

"நெசமா அது என்னைக்குச் செத்துச்சு?"

"அதுக்குப் பதினோரு நாளைக்கு முந்தியே."

அவர் ஏழு கற்களையும் ஒரு முறை பார்த்தார். என்மீது சினம் கொள்வார் என்று காத்திருந்தேன்; கொள்ளவில்லை.

"பொம்பளைகளுக்கு அது தெரிய வேணாம்" என்றார். அவ்வளவுதான். பொங்கல் பானை கொதித்துக்கொண்டிருந்த பக்கம் திரும்பி நடந்தார். தடுத்து நிறுத்தி, ஊரைக் கூட்டி, நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்க வேண்டும். நான் அதைச் செய்யவில்லை. பிள்ளை பிழைத்துவிட்டது, இனி யாருக்கு என்ன தீங்கு என்று எண்ணினேன்.

மறு ஆண்டு கோடையில், முற்பகல் வேளையில், நான் முன்பின் அறியாத ஓர் இளம்பெண் கடை வாசலில் வந்து நின்றாள். ஏழு மாதம் இருக்கலாம். வெயிலில் நடந்து வந்த களைப்பு. மிகுந்த மரியாதையோடு, தனக்கும் ஒரு மீன் பிடித்து வயிற்றைத் தைத்து விடும்படி கேட்டாள்.

"அந்தப் பெட்டி இப்ப இல்ல தாயி. போயிருச்சு" என்றேன்.

அவள் என் மேசைமேல் பின்பக்கம் திறந்து கிடந்த வானொலிப் பெட்டியைக் காட்டினாள். "இதுல கேக்காதாண்ணே?"

"கேக்காது. பிள்ள அசைவு எப்பிடி இருக்கு?"

"ரெண்டு நாளா ஒரு மாதிரி இருக்கு. அதான் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன். தேனிக்குப் பேருந்து நிற்கும் இடத்தைக் கை நீட்டிக் காட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டு கேட்டாள். படியிறங்கி, சாலையைப் பார்த்து ஒரு கணம் நின்று, எதிர்ப்பக்கம், ஆற்றுக்குப் போகும் பாதையில் திரும்பினாள். மடியில் பொரிப் பொட்டலம் இருந்தது.

நான் கடைப் பலகைகளைச் சாத்திவிட்டு அவள் பின்னால் விரைந்து நடந்தேன்.